சூசையின் முழங்கால்கள்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் பயிற்சி அறையை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். போன வாரம் செல்வி போனில் சொன்னாள். எனக்குப் பிறகு அந்த அறைக்குப் பொறுப்பாக வந்த பிசியோதெரபிஸ்ட் அவள். முட்டுவலிக்காரர்கள் வருகிற அறையைக் கொண்டுபோய் மாடியிலா வைப்பார்கள் என்று கேட்டேன்.

"லிஃப்ட் இருக்கு சார். அதோட இப்ப பாதிப் பேருக்கு போன்ல வீடியோ அனுப்பிடுதோம். வீட்டுலயே பாத்து செஞ்சுக்கிடுதாங்க" என்றாள். பிறகு, "புதுசா வந்த பிள்ளைங்க உங்களைப் பத்திக் கேக்காங்க சார். நீங்க எப்படிப் பாத்தீங்கன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

ஒரு பக்கத்தில் அடங்குகிற விஷயம் இல்லை என்பது எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

வீடியோவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆத்தூரிலிருந்து பஸ் பிடித்து, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து விந்தி விந்தி வந்து சேருகிற ஒரு அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். எனக்கு இல்லாமல் போனது வேறொன்று. ஒரு முழங்காலை ஒரு கையால் கீழே தாங்கிக்கொண்டு, மறு கையை மேலே பொத்தினாற்போல் வைத்து மெதுவாக மடக்கினால், உள்ளே நெறநெறவென்று அரைபடுவது காதுக்குக் கேட்பதற்கு முன்னால் கைக்குத் தெரியும். எங்கே மடக்க விடாமல் ஆள் மூச்சைப் பிடிக்கிறார் என்பதும் கைக்குத்தான் முதலில் தெரியும். ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் காலை ஒன்பது மணியானால் என் கை அந்தக் கனத்தைத் தேடுகிறது.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பாவுக்கு பஜாரில் மளிகைக்கடை. கடையில் உட்காருவேன் என்று நினைத்தார். நான் மெட்ராஸுக்குப் போய் பிசியோதெரபி படித்தேன். அப்படி ஒரு படிப்பு இருப்பதை அப்பா கடைசிவரை நம்பவில்லை. "கால் அமுக்கி விடதுக்குப் படிப்பா?" என்று கேட்டவர், பிற்பாடு தன் காலை என்னிடம்தான் நீட்டினார். ஊருக்குத் திரும்பி வந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை நம்பி டாக்டரிடம். அவர் இருந்தவரைக்கும் வேறு இடம் தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம்பி டாக்டர் எங்கள் எலும்பு மூட்டுப் பிரிவுக்குத் தலைவர். தாமிரபரணிக் கரையில் ஒரு பெருமாள் கோயில் ஊர்க்காரர். நெற்றியில் ஒற்றைச் செந்நிறக் கோடு மாறாமல் இருக்கும். நோயாளிக்கு முதுகு சாய்கிற நாற்காலி போட்டிருப்பார். தனக்கு ஒரு குட்டை முக்காலி. ஆள் மேலே, டாக்டர் கீழே. அப்போதுதான் முழங்கால் அவர் கண்ணுக்கு நேரே வரும். எக்ஸ்ரே கவரைக் கையில் வாங்கிப் பிரிக்காமல் மேஜைமேல் வைத்துவிடுவார். கதவிலிருந்து நாற்காலிவரை ஆள் நடந்து வருவதைப் பார்ப்பார். உட்காரும்போது கை நாற்காலிக் கையைத் தேடுகிறதா என்று பார்ப்பார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு முழங்காலைத் தொடுவார். குளிர்ந்த கை பட்டால் சதை இறுகிவிடும், பிறகு அது உண்மை பேசாது என்பார்.

"எங்க வலிக்குன்னு அப்பறம் சொல்லும். எதைச் செய்ய முடியலங்கறதை மொதல்ல சொல்லும்." இதுதான் அவர் கேட்கிற முதல் கேள்வி. கோலம் போட முடியவில்லை என்பார்கள், கோயிலில் விழுந்து கும்பிட முடியவில்லை என்பார்கள், கக்கூஸில் உட்கார்ந்தால் எழுந்திரிக்க முடியவில்லை என்று கூச்சத்தோடு சொல்வார்கள். அதை எழுதிக்கொண்ட பிறகுதான் எக்ஸ்ரே கவரைப் பிரிப்பார். படத்தில் மூட்டு மோசமாக இருந்தும் ஊர் சுற்றுகிறவர்கள் உண்டு. படம் பரவாயில்லை என்றிருந்தும் படுக்கையை விட்டு எழாதவர்கள் உண்டு. "நாம படத்துக்கு வைத்தியம் பாக்கல ஓய்" என்று என்னிடம் சொல்வார்.

அந்த முக்காலிக்கு முன்னால் ஒருநாள் சூசை வந்து உட்கார்ந்தார். அவரைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

சூசைக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகு சங்கு எடுக்கக் கடலில் முங்கியவர். கடலில் வேலை செய்ததில் நெஞ்சு விரிந்து, தோள் அகன்று, இடுப்புக்கு மேலே இன்னமும் இளந்தாரி மாதிரி இருந்தார். இடுப்புக்குக் கீழேதான் கதை வேறு. இரண்டு காலும் வில்லாக வளைந்திருந்தன. வலது முழங்கால் அதிக மோசம். மருமகள் ஜெனிட்டா ஒரு பக்கம் தாங்கியிருந்தாள்.

"எதைச் செய்ய முடியல?" என்று டாக்டர் கேட்டார்.

"படி எறங்கணும் டாக்டர்."

"எறங்கி?"

"எறங்கினாப் போதும்."

கடலோரத்துக் குடியிருப்பில் அவர்களுக்கு இரண்டாவது மாடியில் வீடு; ஆஸ்பத்திரிக்கு வருகிற நாளில் பக்கத்து வீட்டுப் பையன்கள் நாற்காலியில் வைத்து அவரை இறக்கிவிட்டார்கள். முன்பு ஒரு டாக்டர் மூட்டு தேய்ந்துபோயிற்று என்று சொன்னதிலிருந்து, மிச்சமிருப்பதாவது கிடக்கட்டும் என்று நடப்பதையே விட்டிருந்தார் சூசை. வலி மாத்திரையை மருந்துக்கடையில் அவராகவே வாங்கி வருடக்கணக்காக விழுங்கியிருந்தார். பரிசோதனையில் சிறுநீரகம் களைத்துப்போயிருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் மகன், ஆபரேஷன் செய்து புது மூட்டு வைத்துவிடுங்கள் என்று போனில் சொன்னான். டாக்டருக்கும் அதுதான் முதலில் தோன்றியது. ஆனால் இதயத்தைப் பரிசோதித்துவிட்டு, இந்த இதயத்துக்கு மயக்க மருந்து கொடுக்க நான் துணியமாட்டேன் என்று மயக்க டாக்டர் மறுத்துவிட்டார். மாத்திரையும் கூடாது, கத்தியும் கூடாது.

"அப்ப நான் செத்தவந்தானா?" என்று சூசை கேட்டார். கோபம் இல்லை அந்தக் குரலில். விவரம் கேட்பதுபோல்தான் கேட்டார்.

நம்பி டாக்டர் முக்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார். "தேஞ்சு போச்சுன்னு உம்ம கிட்ட யாரு சொன்னா? மூட்டு என்ன சோப்புக் கட்டியா, தேச்சாக் கரைய? உள்ளே எலும்பு முனையிலே வழவழன்னு ஒரு குருத்து இருக்கு. வயசுக்கும் பட்ட பாட்டுக்கும் அது மெலிஞ்சிருக்கு, நிஜம். ஆனா அதுக்கு ரத்தக்குழாய் கெடையாது. நீர் நடந்தாத்தான், அமுக்கி அமுக்கி விட்டாத்தான், மூட்டுத் தண்ணி உள்ள போய் அதுக்குச் சாப்பாடு கெடைக்கும். நீர் காலைப் பூட்டி வச்சு அதைப் பட்டினி போட்டிருக்கீர். தொடையைப் பாரும், சதை எப்படி வத்திக் கெடக்கு. அந்தச் சதைதான் மூட்டுக்குப் பாதிச் சொமையைத் தாங்கணும்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். "சுயம்பு, இவர் இனிமே உம்ம ஆளு."

சூசைக்கு நம்பிக்கை வரவில்லை. வலிக்கிற காலை ஆட்டினால் வலி கூடாதா என்று தினமும் கேட்டார். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கட்டிலோடு அழுத்தச் சொன்னேன். தொடைச் சதை இறுகுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தால் ஒன்றுமே அசையவில்லை. மூளை சொன்னாலும் கேட்க மறந்துபோன சதை. நான் விரலால் தட்டித் தட்டி, "இங்க, இந்த இடத்துல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சில நாட்கள் கழித்து ஒருநாள் காலையில் என் விரலுக்கு அடியில் அது லேசாகத் துடித்தது. தூண்டிலில் சின்ன மீன் கொத்தினது போல. சூசையே அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உசுரு இருக்கு" என்றார்.

பிறகு காலை நீட்டித் தூக்கினார். பக்கவாட்டில் படுத்துத் தூக்கினார். நாற்காலிக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தி, கை ஊன்றாமல் எழுந்து உட்காரப் பழக்கினேன். நாளாக ஆக ஒவ்வொரு பலகையாக உருவினேன். கம்பை அவர் வலது கையில்தான் பிடித்திருந்தார், வலதுகால் நோகிறது என்று. எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள். அதை இடது கைக்கு மாற்றினேன். நோகிற காலுக்கு எதிர்க் கையில் கம்பு இருந்தால்தான் சுமை குறையும். ஏறும்போது நல்ல கால் முதலில்; இறங்கும்போது கம்பும் நோகிற காலும் முதலில். செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிடவேண்டும், அடங்காவிட்டால் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் அவசரப்பட்டார். எப்போது படி, எப்போது படி என்று அதே கேள்வி.

என்ன அவசரம் என்று ஜெனிட்டாவை வராந்தாவில் வைத்துக் கேட்டேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எங்க மாமியாருக்கு ஞாபகம் போயிருச்சு சார். சாயங்காலம் நாலு மணியாச்சுன்னா கடற்கரைக்குப் போயிருவாவ. வள்ளம் கெடக்கிற எடத்துல உக்காந்து, 'எங்க வீட்டுக்காரவுக வந்துட்டாவளா'ன்னு வாரவன் போறவன எல்லாம் கேப்பாவ. மாமா வீட்டுலதான இருக்காவன்னு நாங்க சொன்னா நம்ப மாட்டாவ."

"அவரைப் பாத்தா அடையாளம் தெரியலையா?"

"மாமாவப் பாத்து எந்திரிச்சு நிக்காவ சார். 'சாப்பிட்டியளா மாமா'ன்னு கேக்காவ. தன்னோட மாமனாருன்னு நெனச்சுக்கிட்டாவ. மாமாவுக்கு அவுக அப்பா சாயல்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெனமும் நாந்தான் போயி இழுத்துட்டு வாரேன். ஒருநாள் இருட்டுத வரைக்கும் வரமாட்டேன்னு அழுதாவ. மாமா சன்னல்ல நின்னு பாத்துட்டு இருந்தாவ. கூப்பிட்டாவ, காத்துல கேக்கல. மறுநாள்தான் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு சொன்னாவ."

அந்த அம்மாவின் பெயர் பிலோமி.

இதை நான் நம்பி டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதற்குள் சூசை பொறுமை இழந்துவிட்டார். ஜெனிட்டா ரேஷன் கடைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகவே இறங்கிவிட்டார். இறங்கியதோடு நிற்காமல், மணலில் நேராக வள்ளங்களை நோக்கி நடந்திருக்கிறார். காய்ந்த மணல் காலை உள்ளே இழுக்கும்; ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் முறுகும். பாதி வழியில் விழுந்துவிட்டார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கூட்டத்தில் பிலோமியும் வந்து எட்டிப் பார்த்திருக்கிறாள். "பாவம், ஆரு பெத்த மக்களோ, இந்த வயசுல தனியா விட்டிருக்காவ" என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாளாம்.

மறுநாள் வலது முழங்கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. முழங்கால் சில்லை அமுக்கினால் அடியில் தண்ணீரில் மிதக்கிற மரப்பலகை போல முங்கி எழுந்தது. நம்பி டாக்டர் ஊசியால் மஞ்சள் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, வீக்கம் தணிய மூட்டுக்குள்ளேயே மருந்து போட்டார். சூசை மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இனி வேண்டாம் டாக்டர். கிழவன் ஆசைப்பட்டுட்டான்."

"ஆசைப்பட்டது தப்பில்லை ஓய். வழிதான் தப்பு." டாக்டர் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "சுயம்பு, நம்ம ரூம்ல படி இருக்கு. மணல் இருக்கா? ஒருநாள் அவர் நடக்கவேண்டிய எடத்தைப் போய்ப் பாரும்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். வீட்டுப் படி குறுகலாக இருந்தது, ஒரு பக்கம்தான் பிடி. கீழே இறங்கினதும் வள்ளங்கள் வரைக்கும் காய்ந்த மணல். அது சூசைக்கு எட்டாத தூரம். ஆனால் குடியிருப்பின் ஓரமாக ஐஸ் கம்பெனிக்குப் போகிற சிமெண்ட் பாதை ஒன்று நேராகக் கடல்வரை போயிற்று. அதன் முடிவில் இறங்கினால், அலை ஏறி இறங்குகிற ஈரமணல், தரைபோலக் கெட்டியாக இருந்தது. அதிலேயே கரையோரமாக நடந்து வந்தால் வள்ளங்களுக்கு முன்னால் வந்து சேரலாம். சுற்றுவழிதான். ஆனால் கால் புதையாது.

வீக்கம் வடிந்த பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை சூசை அவசரப்படவில்லை. ஒருவாரம் படி மட்டும். அடுத்து சிமெண்ட் பாதை. அதன்பிறகு ஈரமணலில் கொஞ்சம் போய்த் திரும்புவது. பாதையில் அங்கங்கே உட்கார்ந்து எழ, யாரோ கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டிகளை எடுக்காமல் விடச் சொல்லி வைத்தோம். காலை வேளையில்தான் பழகினார். பிலோமி வருகிற நேரத்துக்கு அவர் வரவில்லை. தயாராகாமல் அவள் முன்னால் விழக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

மேகம் இல்லாத ஒரு சாயங்காலம் அவரே "இன்னைக்குப் போவோம் சார்" என்றார். சவரம் செய்திருந்தார். நான் கொஞ்சம் பின்னால் நடந்தேன். கடல் உள்வாங்கியிருந்தது. எங்கள் கரையில் சாயங்கால வெயில் ஊர்ப்பக்கமிருந்து வந்து கடல்மேல் விழும்; தண்ணீரோரம் நடக்கிறவன் முகம் கரையில் இருப்பவர்களுக்குப் பளிச்சென்று தெரியும். சூசை வேட்டியைத் தூக்கிக் கட்டியிருந்தார். அலை கணுக்காலை நனைத்து நனைத்துப் போயிற்று. இடது கையில் கம்பு. தோள் நிமிர்ந்திருந்தது.

வள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிலோமி கண்ணை இடுக்கிப் பார்த்தாள். எழுந்தாள். சூசை நின்றுவிட்டார்.

அவள் மணலில் விறுவிறுவென்று இறங்கி வந்தாள்.

"இம்புட்டு நேரம் எங்க போனிய?" என்றாள். "எல்லா வள்ளமும் வந்துட்டு. ஒங்களத்தான் காணல."

அவள் குனிந்து அவருடைய காலைப் பார்த்தாள். பிறகு கம்பைப் பார்த்தாள்.

"கால்ல என்ன?"

"பார்ப் பாறையில வழுக்கிட்டு, பிலோமி. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையாம். சொன்னா கேக்கிய கெடையாது." அவருடைய வலது கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் ஈரமணலில் திரும்பி நடந்தார்கள். என்னைக் கடக்கும்போது சூசை என்னைப் பார்க்கவில்லை. வேறு யாரையும் பார்க்கிற நிலையில் அவர் இல்லை. நான் அங்கேயே நின்றேன்.

மறுநாள் காலையில் அவள் பழையபடி எழுந்து நின்று, "மாமா, காப்பி குடிச்சியளா?" என்று கேட்டாளாம். ஜெனிட்டா என்னிடம் அதைச் சொன்னபோது இத்தனை பாடும் வீண் என்று நினைத்தேன். சூசை அப்படி நினைக்கவில்லை. "சாயங்காலம் திரும்ப வாரேன்லா" என்றார். அதன்பின் மழை நாள் தவிர எல்லாச் சாயங்காலமும் படி இறங்கி, சுற்றிப்போய், கடல் பக்கமாக வந்து நின்றார். ஏன் இவ்வளவு நேரம் என்று அவளும் தினமும் ஏசினாள். வீடு போய்ச் சேர்ந்து, கஞ்சி குடித்து, உறங்கும் வரைக்கும் அவர் அவளுக்குப் புருஷன்.

அடுத்த வருடம் மறுபடி எக்ஸ்ரே எடுத்தோம். நம்பி டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் வெளிச்சத்தில் சேர்த்து வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால் புதியது இன்னும் கொஞ்சம் மோசம். டாக்டர் இரண்டையும் கவரில் போட்டுவிட்டு, கதவுப் பக்கம் பார்த்து, "நடந்து வாரும் ஓய், பாக்கலாம்" என்றார். சூசை நடந்து வந்தார். டாக்டர் முக்காலியில் உட்கார்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெறுவதற்கு முன்னால் அவர் பார்த்த கடைசி ஆட்களில் சூசையும் ஒருவர். இப்போது நம்பி டாக்டர் உயிரோடு இல்லை.

அந்த எக்ஸ்ரே எடுத்துச் சில மாதங்களில் பிலோமி காய்ச்சலில் போய்விட்டாள். நான் அடக்கத்துக்குப் போயிருந்தேன். சர்ச்சில் பூசை முடிகிறவரை சூசை உட்காராமல் நின்றார்.

இனி அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டார் என்று நினைத்தேன். சில வாரங்கள் கழித்து, ஒருநாள் மூன்றரை மணி வாக்கில், பயிற்சி அறை வாசலில் நின்றார். உட்காரச் சொல்லி முழங்காலைப் பிடித்துப் பார்த்தேன். வீக்கம் இல்லை. தொடைச் சதை கெட்டியாக இருந்தது. கை ஊன்றாமல் எழுந்து காட்டினார்.

"நல்லா இருக்கே சூசையண்ணே."

"நல்லாத்தாம் இருக்கு சார். அதத்தான் என்ன செய்யன்னு கேக்க வந்தேன். நாலு மணி ஆச்சுன்னா ரெண்டு காலும் அது பாட்டுக்கு எந்திரிச்சிருது. எறங்கிப் போறேன். பாதை முடியுத வரைக்கும் போவுது. அதுக்கு மேல ஓடமாட்டேங்கு. அங்கனயே நிக்கேன்."

மீதி ஆட்களைச் சக ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு, சூசையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். சிமெண்ட் பாதையின் கடல் முனையில் அவரை இறக்கிவிட்டேன். நான் மணலில் நடந்து போய் வள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெகுநேரம் அவர் அங்கேயே நின்றார். பிறகு ஈரமணலில் இறங்கினார். கம்பு முதலில், வலதுகால் பின்னால், இடதுகால் அதன் பின்னால். வெயில் அவர் முகத்தில் விழுந்தது. கிட்டே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"ஒரு ஆளு உக்காந்திருக்கணும் சார்" என்றார். "அப்பத்தான் நடக்க வருது."

மறுநாள் சாயங்காலமும் நான் போய் உட்கார்ந்தேன்.